ஒட்டியாணத்துக்குள் ஒரு தாளம்

எங்கள் வீட்டு பீரோவில், வெல்வெட் பெட்டி ஒன்றில் ஓர் ஒட்டியாணம் இருக்கிறது. தங்கமெல்லாம் இல்லை. நாட்டியம் ஆடுகிற பெண்கள் கட்டிக்கொள்ளும், சிவப்புக் கல் பதித்த சாதாரண டெம்பிள் நகைதான். ஆனால் அதில் ஒரு விசேஷம். கட்டிக்கொள்வதற்கு முதல் நாள் ராத்திரி அதற்குச் சார்ஜ் போட்டாக வேண்டும்!

சிரிக்காதீர்கள். முதல் தடவை அதைப் பார்த்தபோது என் மாமியார் சிரிக்கவில்லை, கோபித்துக்கொண்டார். "அம்பாளுக்குச் சாத்தற நகை மாதிரி இருக்கு. அதுக்குள்ளே மோட்டாரை வெச்சுத் தைக்கறீங்களே, நல்லாவா இருக்கு?" என்று கேட்டார்.

அந்த மோட்டார் அங்கே ஏன் போயிற்று என்று சொல்ல வேண்டுமானால் என் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடவே என் அசட்டுத்தனத்தையும் கொஞ்சம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சமத்துக் குழந்தை

பாப்பா 2005-ல் பிறந்தாள். என் அண்ணியின் குழந்தை மிக்சி போட்டாலே வீறிட்டு அழும். இவள் மிக்சிக்குப் பக்கத்திலேயே தூளியில் நிம்மதியாகத் தூங்குவாள். குக்கர் விசில், காலிங் பெல், தெருவில் வெடிக்கிற சரவெடி, எதற்கும் அசைய மாட்டாள். "எவ்வளவு சமத்து!" என்று வருகிறவர்களெல்லாம் மெச்சுவார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

ஒன்றேகால் வயசில் ஒரு நாள். கூடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. உரக்கக் கூப்பிட்டேன். ஊஹூம். என்னவோ தோன்றிற்று. கையிலிருந்த வெண்கலத் தாம்பாளத்தை வேண்டுமென்றே தரையில் போட்டேன். உடனே திரும்பினாள். அப்பாடா என்று இருந்தது. ஆனால் அவள் பார்த்தது என்னை இல்லை, தரையை. தரை அதிர்ந்ததில்தான் திரும்பியிருக்கிறாள் என்று அடுத்த நிமிஷம் புரிந்துவிட்டது. ஓடிப்போய் முதுகுக்குப் பின்னால் கை தட்டினேன்; தட்டிக்கொண்டே இருந்தேன். அவள் பாட்டுக்குச் சொப்பை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டு காதிலும் கடுமையான குறைவு என்றார் டாக்டரம்மா. காதுக் கருவி போட்டோம். பேச்சுப் பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனேன். அவளோடு பேச நான் ஒரு வழி பழகிக்கொண்டேன். பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. சுற்றிக்கொண்டு முன்னால் போய் உட்காருவேன். மோவாயைத் தொட்டு முகத்தை நிமிர்த்துவேன். அவள் என் கண்ணைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பேன்.

கைக்குழந்தை வைத்திருக்கிற சகோதரிகளுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிறந்த குழந்தையின் காதைச் சோதிக்க இப்போது சின்னக் கருவி இருக்கிறது. தூங்கும்போதே காதில் வைத்துப் பார்த்துவிடுவார்கள். வலி கிடையாது, சில நிமிஷம்தான். ஒரு மாதத்துக்குள் இந்தச் சோதனை, குறை இருக்கலாம் என்று தோன்றினால் மூன்று மாதத்துக்குள் அதை உறுதி செய்துகொள்வது, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் தொடங்கிவிடுவது. டாக்டர்கள் சொல்கிற கணக்கு இது. மூளை பேச்சைப் பிடித்துக்கொள்கிற பருவம் அது. நான் ஒன்றேகால் வருஷம் கோட்டை விட்டேன். சத்தத்துக்கு அசையாத குழந்தையைச் சமத்து என்று மெச்சாதீர்கள்.

கால் கேட்கிற மச்சு

எங்கள் வீடு திருச்சியில். எதிர் வீட்டு மச்சில் ஒரு நாட்டிய டீச்சர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். பழைய காலத்து வீடு. மச்சுக்குப் பலகைத் தளம். ஆறு வயசில் பாப்பா அங்கே வேடிக்கை பார்க்கப் போவாள். நானும் கூடப் போவேன். மற்ற குழந்தைகள் ஆட, இவள் ஒரு மூலையில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் பலகையில் பதித்துக்கொள்வாள். டீச்சர் தட்டுக்கழியால் கட்டையில் தட்டத் தட்ட, இவள் தலை ஆடும்!

டீச்சர் இதை நான்கு நாள் கவனித்திருக்கிறார். ஐந்தாம் நாள், "இவளைச் சேர்த்துவிடும்மா" என்றார்.

"டீச்சர், இவளுக்குக் காது..."

"தெரியும்மா. காது கேக்காட்டா என்ன, கால் இருக்கில்ல?"

அப்படி ஆரம்பித்ததுதான். தட்டடவு, நாட்டடவு என்று ஒவ்வொன்றாகக் காலால் கேட்டே கற்றுக்கொண்டாள். நம் தோலுக்கும் ஒரு வகைக் காது உண்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். காது விநாடிக்கு இருபதாயிரம் அதிர்வு வரை கேட்கும். தோலுக்கு ஆயிரத்துக்கு மேலே எட்டாது. ஆகவே மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் எழும்புகிற 'தொம்' பலகை வழியாக அவள் காலுக்கு வந்துவிடும். தாளத்தின் 'கிணி'ர் நாதமும் புல்லாங்குழலும் வராது. டீச்சரின் கட்டை நன்றாக வரும். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது, பலகை இருக்கிற வரையில்.

அன்றைக்குச் சிரித்தார்கள்

ஒன்பது வயசில் பள்ளிக்கூட ஆண்டு விழா. எட்டுப் பெண்கள் சேர்ந்து ஆடுகிற பாட்டு. பாப்பாவும் உண்டு. பதிவு செய்த பாட்டு, ஒலிபெருக்கியில் போடுவார்கள். "பக்கத்துப் பெண்ணைப் பார்த்துப் பார்த்து ஆடிடுவா" என்று எல்லாரும் தைரியம் சொன்னார்கள்.

நான் செய்ததைச் சொல்கிறேன். காதுக் கருவி வெளியே தெரியக்கூடாது என்று இரண்டு முழம் மல்லிகையை அடர்த்தியாகக் கட்டி, இரண்டு காதுக்கும் மேலாக இறக்கி வைத்தேன். அதன் மேல் மாட்டலையும் இழுத்து மாட்டினேன். "கருவியே தெரியலை, பிரமாதம்!" என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

மேடை சிமெண்டுத் தளம். மேலே கனமான கம்பளம் வேறு. பாட்டு ஆரம்பித்தது. பாப்பா ஒரு நொடி தாமதித்துக் கையை எடுத்தாள். மற்றவர்கள் இடது பக்கம் திரும்பியபோது இவள் வலது பக்கம் திரும்பினாள். வரிசை மாறுகிற இடத்தில் முன்னால் வந்துவிட்டாள். முன்னால் வந்தவளுக்குப் பார்த்து ஆட யாருமில்லை. பாட்டு முடிந்தது. ஏழு பெண்கள் கை கூப்பி நின்றார்கள். இவளுக்குப் பாட்டு நின்றது தெரியாது. கண்களை அகல விரித்து, முகமெல்லாம் சிரிப்பாக, தனியே ஆடிக்கொண்டே இருந்தாள்.

கூட்டம் சிரித்தது. கை தட்டியும் சிரித்தார்கள். அந்தக் கைத் தட்டலைப் பார்த்து அவள் இன்னும் உற்சாகமாக ஆடினாள்.

வீட்டுக்கு வந்ததும் சலங்கையைப் பரணில் போட்டேன். "இனிமே நாட்டியம் வேண்டாம்" என்று இவரிடம் சொல்லிவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துக் கருவி 'கீச் கீச்'சென்று கத்துகிறது என்று காட்டப் போனோம். கருவியில் கோளாறே இல்லை. "இது மேலே எதையாவது வெச்சு மூடறீங்களாம்மா? மூடினா உள்ளே போற சத்தம் திரும்பி வந்து இப்படித்தான் கத்தும். வெளிச் சத்தமும் உள்ளே போகாது" என்றார் அங்கிருந்தவர். எனக்கு வாய் அடைத்துவிட்டது. மிச்சமிருந்த கொஞ்சம் செவியையும் அன்று மேடையில் பூ வைத்து அடைத்தது நான்தான்! இதை நான் வெகு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. இவரிடம்கூட.

முதுகுக்குப் பின்னால் நட்டுவனார்

பத்து நாள் வகுப்புக்கு வரவில்லை என்றதும் டீச்சரே வந்துவிட்டார். நான் அழுதுகொண்டே சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு சொன்னார்:

"இங்க பாரும்மா. தப்பு குழந்தை மேலே இல்லை. அந்தப் பாட்டுக்குக் கண் கிடையாது. ஆடறவ தடுமாறினா அது நிக்குமா? ஒரு ஆவர்த்தனம் கூடப் பாடுமா? அது பாட்டுக்கு ஓடும். நாம பின்னாடியே ஓடணும். காது நல்லா இருக்கறவ ஓடிப் பிடிச்சுடுவா. இவ என்ன பண்ணுவா?"

அன்றைக்கு அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்குப் புதிது. சதிர் என்று பெயர் இருந்த காலத்தில், நட்டுவனாரும் பக்கவாத்தியக்காரர்களும் ஆடுகிறவளுக்குப் பின்னால் நின்றுகொண்டே வாசிப்பார்களாம். மிருதங்கத்தை இடுப்பில் கட்டிக்கொண்டிருப்பார்கள். அவள் முன்னால் நகர்ந்தால் இவர்களும் நகர்வார்கள். தாளம் அவள் முதுகுக்குப் பின்னாலேயே கேட்டுக்கொண்டிருக்கும். ருக்மிணி தேவி 1935 டிசம்பரில் அடையாறில் முதல் முதலாக ஆடினார். வாத்தியக்காரர்களை மேடையின் ஒரு பக்கமாக உட்கார வைக்கும் வழக்கம் பரவியதில் அவருக்குப் பெரிய பங்கு. பார்ப்பதற்கு அது அழகு. மேடை நிறைவாக இருக்கும். ஆனால் நட்டுவனார் இருபதடி தள்ளிப் போய்விட்டார்.

"பக்கமா உக்காந்தாலும் பரவாயில்லை. என் கண்ணு ஆடறவ மேலேயே இருக்கும்" என்றார் டீச்சர். "ஆனா இப்ப பணம் ஆகுதுன்னு பக்கவாத்தியமே இல்லாம பென் டிரைவ் வெச்சு ஆடறாங்களே... அதிலே நட்டுவனாரே இல்லையேம்மா."

சலங்கை பரணிலிருந்து இறங்கியது.

கேஸ் லைட்டர் சொன்ன யோசனை

பாப்பாவுக்குப் பன்னிரண்டு முடிந்தபோது, இவளைத் தனியாக மேடை ஏற்றுவது என்று டீச்சர் தீர்மானித்துவிட்டார். பக்கவாத்தியத்தோடுதான், பதிவு கிடையாது. ஆனால் எந்த மேடை கிடைக்குமோ, அங்கே பலகைத் தளம் இருக்குமோ இருக்காதோ?

அந்தச் சமயத்தில் என் அண்ணன் மகன் எங்கள் வீட்டில் தங்கி இஞ்சினீயரிங் படித்துக்கொண்டிருந்தான். ராத்திரி தோசை வார்த்துக்கொண்டே அவனிடம் இந்தக் கவலையைச் சொன்னேன். அவன் மேடையில் இருந்த கேஸ் லைட்டரை எடுத்து டிக், டிக் என்று அமுக்கிக்கொண்டே இருந்தான்.

"வெச்சுடுடா அதை. கெட்டுப் போகும்."

"அத்தை, இதிலே பாட்டரி இல்லை. பொறி எப்படி வருது தெரியுமா? உள்ளே ஒரு சின்னக் கல்லு மாதிரி இருக்கு. அதைச் சுத்தி மாதிரி ஒண்ணு அடிக்குது. அடிச்சா அதிலே மின்சாரம் பிறக்கும். டீச்சர் தாளத்திலே இந்த மாதிரி ஒரு வில்லையை ஒட்டிட்டா, அவங்க தட்டறப்பல்லாம் மின்சாரம் வரும். அதைப் பாப்பாகிட்ட அனுப்பிடலாமே!"

சட்டைப் பித்தான் அளவு பித்தளை வில்லை. கடையில் விலை கேட்டால் சில ரூபாய்தான். முதலில் அதைத் தட்டுக்கட்டையின் அடியில் ஒட்டினான். அதிலிருந்து வருகிற துடிப்பை, மேடையில் போடுகிற ஒரு பலகையின் அடியில் மாட்டிய அதிர்வுப் பெட்டிக்கு அனுப்பினான். பாப்பா பலகையில் ஏறி நின்றாள். டீச்சர் தட்டினார். "வருது, வருது!" என்று குதித்தாள். குதித்ததும்தான் சிக்கல் தெரிந்தது. அவள் கால் தட்டுகிற அதிர்வும் பலகையிலேயே சேர்ந்துகொண்டது. எது டீச்சர், எது தான் என்று பிரிக்க முடியவில்லை.

"காலை விட்டுடுவோம். வேற எங்கே வைக்கறது?" என்று யோசித்தோம். கழுத்தில் வைத்தால் அட்டமி போடும்போது இடிக்கும். கையில் வைத்தால் முத்திரை கெடும். டீச்சர்தான் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். "ஒட்டியாணம் இருக்கே! நட்டுவனார் நிக்கற இடமும் அதுதான், முதுகுக்குப் பின்னாலே."

பழைய செல்போனிலிருந்து 'விர்ர்' என்று அதிர்கிற மோட்டாரை எடுத்து, ஒட்டியாணத்தின் பின்பக்கம் தைத்தோம். புளூடூத் வழியாகத் துடிப்பு வந்து சேர்ந்தது. முதல் காலத்தில் ஆடினாள், சரியாக இருந்தது. இரண்டாம் காலத்தில் டீச்சர் முகம் சுளித்தார். மூன்றாம் காலத்தில், "நிறுத்து, நிறுத்து. இவ எதிரொலிக்கு ஆடறா" என்றார்.

காது கேட்கிற எங்களுக்கே அது புரியப் பல தடவை பார்க்க வேண்டியிருந்தது. புளூடூத் சேதியைக் கொண்டுபோய்ச் சேர்க்க விநாடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்கிறதாம். போதாக்குறைக்கு அந்த மோட்டார் சுழன்று வேகம் பிடிக்கக் கொஞ்சம் நேரம். போன் மணி அடிக்க அது போதும். தகதிமிக்குப் போதாது! அண்ணன் மகன் புளூடூத்தை விட்டுவிட்டு, வேறு வேலையே இல்லாமல் ஒரே ஒரு துடிப்பை மட்டும் அனுப்புகிற சின்ன ரேடியோ வாங்கினான். சுழலுகிற மோட்டாருக்குப் பதிலாக, புது போன்களில் வருகிற, 'டக்'கென்று உதைத்துவிட்டு நின்றுவிடுகிற வகையை வைத்தான்.

அப்புறம் மேடையில் கட்டை கிடையாது, தாளம்தான். வில்லையைத் தாளத்தின் ஓரத்தில் ஒட்டினால் நாதம் செத்துவிட்டது. நடுவில், கயிறு கோத்த இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டினோம். தாளமோ ஒரு தட்டுக்கு வெகு நேரம் ரீங்காரம் செய்யும். அத்தனைக்கும் ஒட்டியாணம் அதிர்ந்துகொண்டே இருந்தது. 'தட்டின மாத்திரத்தில் ஒரு உதை. பிறகு அடுத்த தட்டு வரை காதைப் பொத்திக்கொள்' என்று அந்தப் பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்க அவனுக்கு இரண்டு மாதம் பிடித்தது. பாட்டரியை வியர்வை படாமல் சின்ன டப்பாவில் அடைத்துப் பருத்தித் துணி சுற்றினேன். உடம்பில் கட்டியிருக்கும்போது சார்ஜ் போடவே கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

கடைசியாக டீச்சர் கேட்டது ஒரு பித்தான். அபிநயத்தில் ஒரே வரியைப் பல தடவை பாடுவார்கள். அடுத்த வரிக்குப் போகிறோம் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? டீச்சரின் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஒரு பித்தான். அமுக்கினால் ஒட்டியாணத்தில் நீளமாக ஒரு விர்ர்ர். அடுத்த வரி என்று அர்த்தம்.

அண்ணன் மகன் அந்த நாட்களில் எங்கெங்கோ தேடிப் படித்துக் காட்டுவான். அமெரிக்காவில் மெர்ஸ் கன்னிங்ஹாம் என்ற நடனக்காரர் 1965-லேயே, ஆடுகிறவர்கள் நகர்வதைக் கம்பிகளும் ஒளிக் கண்களும் உணர்ந்து அதற்கேற்ப ஒலி எழும்புகிற மாதிரி ஒரு நடனம் அமைத்தாராம். சீனத்தில், காது கேளாத கலைஞர்கள் ஆயிரம் கை போதிசத்துவராக ஆடுகிற நடனத்தைக் காட்டினான். 2004-ல் ஏதென்ஸ் பாராலிம்பிக் நிறைவு விழாவில் ஆடி உலகத்தையே அசத்தியவர்கள். அடுத்த வருஷம் அவர்கள் நாட்டு டெலிவிஷனில் 21 பேர் ஒரே ஆளைப் போல நின்று ஆடினார்கள். மேடையின் நாலு மூலையிலும் சைகை ஆசிரியர்கள் நின்றுகொண்டு கையால் தாளம் காட்டுகிறார்கள்! பாப்பா அதைப் பத்துத் தடவை போடச் சொன்னாள்.

எனக்கு நினைவு வந்தது ஆர்.எஸ். மனோகர் நாடகம். சின்ன வயசில் அப்பா அழைத்துப் போனார். கண்ணை மூடித் திறப்பதற்குள் காட்சி மாறும். தந்திரக் காட்சி வரும்போது கொட்டகையே 'ஓ' என்று கத்தும். அந்த வித்தையெல்லாம் பார்க்கிறவர்களுக்காக. நாங்கள் தைத்துக்கொண்டிருந்ததோ பார்க்கிறவர் யாருக்குமே தெரியாத வித்தை.

மாமியார் மட்டும் சமாதானம் ஆகவில்லை. ஒருநாள் ஒத்திகையின்போது பாப்பா அந்த ஒட்டியாணத்தைப் பாட்டியின் இடுப்பில் கட்டிவிட்டாள். டீச்சர் தட்டினார். மாமியார் திடுக்கிட்டு, பிறகு கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றார். "முதுகிலே தட்டிக் குடுக்கற மாதிரி இருக்குடி" என்றார். அதற்குப் பிறகு மோட்டாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தை மாதத்து மேடை

2019 தை மாதம். சின்ன மண்டபம், நூறு பேர் இருந்தால் அதிகம். தளம் என்னவோ நாங்கள் பயந்தபடியே சிமெண்டுதான்.

அலங்காரத்தின்போது பழக்க தோஷம், என் கை மல்லிகையைக் காதுக்கு மேலே இறக்கியது. பாப்பா கண்ணாடியில் பார்த்துக்கொண்டே என் கையைப் பிடித்தாள். "அம்மா, பூ மேலே வை. இது கத்தும்" என்று கருவியைத் தொட்டுக் காட்டினாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது! எவ்வளவு நாளாகத் தெரியுமோ? நான் ஒன்றும் கேட்கவில்லை. பூவைப் பின்னுக்குத் தள்ளி ஊசி குத்தினேன். மாட்டலைக் கழற்றிவிட்டேன். இரண்டு கருவியும் பளிச்சென்று தெரிந்தன.

புஷ்பாஞ்சலியும் ஜதிஸ்வரமும் நல்லபடியாக நடந்தன. கால் தப்பவில்லை. முன் வரிசையில் இருந்த ஒரு அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம், "அது என்ன காதிலே?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. கேட்டால் கேட்கட்டும்.

அடுத்து யசோதையும் கண்ணனும் வருகிற பாட்டு. கண்ணனைக் காணாமல் யசோதை தேடுகிறாள், பார்த்ததும் கூப்பிடுகிறாள், அவன் சிரித்துக்கொண்டே ஓடுகிறான். நாலு ஆவர்த்தனம். ஒத்திகையில் அப்படித்தான்.

யசோதையாக நின்று பாப்பா கூப்பிட்டாள். கண்ணனாக ஓடவில்லை. மறுபடி கூப்பிட்டாள். கண்ணனாக மாறி உட்கார்ந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ அடுக்கி விளையாடினாள். திரும்பவில்லை. யசோதை முகத்தில் கோபம் வரவில்லை, பயம் வந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டாள். கை தட்டினாள். பிறகு மெதுவாகச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து மண்டி போட்டாள். இல்லாத அந்தக் குழந்தையின் மோவாயைத் தொட்டு முகத்தை நிமிர்த்தினாள். அது தன் கண்ணைப் பார்க்கிற வரையில் காத்திருந்தாள்.

எனக்கு மூச்சு நின்றுவிட்டது. இதை நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. ஒன்றேகால் வயசு நினைவிருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியாமல் பாட்டி சொல்லியிருக்க வேண்டும்.

நாலு ஆவர்த்தனம் எப்போதோ முடிந்துவிட்டது. பாடுகிற பெண் டீச்சரைப் பார்த்தாள். டீச்சரின் கட்டைவிரல் பித்தானுக்கு மேலே நின்றது. அமுக்கவில்லை. கண்ணை பாப்பாவிடமிருந்து எடுக்காமலே, 'திரும்பப் பாடு' என்று தலையை அசைத்தார். மிருதங்கக்காரர் வாசிப்பை அடக்கிக்கொண்டார். தாளத்தை மட்டும் டீச்சர் மெல்ல, மெல்லத் தட்டினார். அந்தத் தட்டு ஒவ்வொன்றும் ஒட்டியாணத்தில் போய் விழுந்திருக்கும். 'இருக்கோம், இருக்கோம், நீ ஆடு' என்று அவளுக்குப் புரிந்திருக்கும்.

ஏழு ஆவர்த்தனம் ஆயிற்று. யசோதை குழந்தையை வாரி எடுத்து நிமிர்ந்தாள். அப்புறம்தான் டீச்சர் விரலை அமுக்கினார்.

கூட்டத்தில் யாருக்கும் ஏதும் தெரியாது. ஒத்திகை பார்த்தபடி ஆடினாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் கேட்ட கைத்தட்டல் மாதிரி இல்லை, இது.

அன்றைக்கு ராத்திரி, எல்லாரும் படுத்த பிறகு, மல்லிகை விஷயத்தை இவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பத்து முழம் வெச்சாலும் அவ ஆடியிருப்பா, விடு" என்றார்.

உங்களுக்குச் சொல்ல நினைத்தது

இப்போதெல்லாம் நாட்டிய மேடையில் பின்னால் பெரிய திரையில் மலையும் அருவியும் வருகின்றன; வண்ண வெளிச்சம் சுழல்கிறது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் குழந்தைக்கு அப்படி ஏதாவது ஏற்பாடு செய்யும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த யந்திரம் குழந்தைக்காகக் காத்திருக்கிறதா, குழந்தை அதன் பின்னால் ஓடுகிறதா? அருவி விழுகிற விநாடியில் கையை உயர்த்தவேண்டுமே என்று குழந்தை உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தால், மேடையில் இருப்பது இன்னொரு பென் டிரைவ்தான். முடிந்தால் ஒரு மிருதங்கமாவது, ஒரு தாளமாவது ஆள் உட்கார்ந்து வாசிக்கட்டும். வெளிச்சம் போடுகிற பையன்கூடக் குழந்தையைப் பார்த்துப் போடட்டும். நாங்கள் எல்லாமுமாகச் செலவழித்தது மூவாயிரம் ரூபாய்க்குள்தான். அதில் மோட்டாரும் கம்பியும் செய்தது ஒரு வேலை மட்டுமே. இருபதடி தள்ளி உட்கார்ந்திருந்த டீச்சரை அவள் முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தின. காத்திருந்தது டீச்சர்தான்.

பாப்பா இப்போது படிப்பை முடித்துவிட்டு அதே மச்சில் சின்னப் பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக்கொடுக்கிறாள். அவர்களில் காது கேட்கிறவர்களும் உண்டு, கேளாதவர்களும் உண்டு. எல்லாருமே முதல் நாள் உள்ளங்கையைப் பலகையில் பதித்துத்தான் உட்கார வேண்டும். அது அவள் போட்ட சட்டம்.

டீச்சருக்கு வயசாகிவிட்டது. ஆனாலும் பாப்பா ஆடுகிற அன்று தாளத்தை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார். அந்த அன்றைக்கு முதல் நாள் ராத்திரி என் மாமியார் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போவார். பாதியில் திரும்பி வருவார்.

"ஏண்டி, ஒட்டியாணத்துக்குச் சார்ஜ் போட்டியா?"